கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 14, 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். கே. எஸ். கிருஷ்ணன் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். 1928 ஆம் ஆண்டு பெப்ரவரியில் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் இணைந்து, பின்னாளில் இராமன் விளைவு என்று பெயர் பெற்ற ஒளிச்சிதறல் நிகழ்வைக் கண்டறிந்தவர் இவரே. அந்நிகழ்வு நீர்மங்களில் மட்டுமன்றி ஆவிகளிலும் உண்டு என்பதை முதன்முதலில் கண்ணால் கண்டவரும் இவரே. படிகங்களின் காந்தப் பண்புகள், உலோகங்களின் மின்தடை, வெப்ப அயனி உமிழ்வு ஆகிய துறைகளிலும் ஆய்வு செய்துள்ளார். புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார்.

எந்திரங்களில் எரிபொருள் தெளிக்கப்படும்போது அதில் எவ்வளவு ஆவியாகியுள்ளது என்பதை ஒளியைக் கொண்டு அளக்கும் முறைகளுள் ஒன்று, கிருஷ்ணன் ஈதர், பென்டேன் ஆகியவற்றின் ஆவிகளில் செய்த சோதனையின் நேர் வழித்தோன்றல் ஆகும். இவரைப் பற்றிய வரலாறுகளில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சதுரகிரி மலைக்கு அருகில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். இவ்விரு மொழிகளிலும் கிருஷ்ணனுக்கு இருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

பட்டம் பெற்ற பின் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகச் சேர்ந்தார். அங்கு நண்பகல் உணவு இடைவேளையில் அறிவியல் கலந்துரையாடல் ஒன்றை நடத்திவந்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் என எதைப் பற்றியும் மாணவர்கள் அங்கே கேட்கலாம். பாடத்திட்டத்திற்கு வெளியே நடந்த இந்த வகுப்பிற்குப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். வேதியியலில் பெற்ற இப்பயிற்சி வீண்போகவில்லை. ஒளிச்சிதறல் ஆய்வில் நீர்மங்களைத் தூய்மைப்படுத்துவதே பாதி வேலையாகும். ஒரு சிறு தூசியோ அழுக்கோ இருந்தாலும் அளவீடு கெட்டுவிடும்.

கல்கத்தாவில்

1920 இல் கிருஷ்ணன் கல்கத்தா சென்று பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1923 இல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வு உதவியாளரானார். அங்கு அப்போது ஒளிச்சிதறலே முதன்மையான ஆய்வுப் பொருளாக இருந்தது. கிருஷ்ணன் 65 நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி, அவை ஒளியைச் சிதறடிக்கும் அளவையும் சிதறிய ஒளியின் தளவிளைவையும் அளந்து 1925 இல் வெளியிட்டார்.

இவ்வாய்வுகளின் போது ஒரு தொல்லை தொடர்ந்து தலைகாட்டியது. நீர்மத்தின் உள்ளே செலுத்தப்பட்ட ஒளியின் நிறத்தோடு, மிக மங்கலாக, வேறு நிற ஒளியும் வெளிவந்தது. 1923 இல் கே. ஆர். இராமநாதன் இதனைக் கண்டு, மாசுகளால் வரும் உடனொளிர்வு எனக் கருதினார். உடனொளிர்வு என்பது ஒரு பொருள் தன்மீது படும் ஒளியை உறிஞ்சி, சற்று நேரம் வைத்திருந்து, வேறு நிறத்தில் திருப்பி வெளியிடுவதாகும். நீர்மத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தும் அம்மங்கல் ஒளி மறையவில்லை. கிருஷ்ணனின் 65 நீர்மங்களிலும் சிலவற்றில் அது தென்பட்டது. 1927 இன் இறுதியில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் இவ்வொளியைக் கண்டபோது அது வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. உடனொளிர்வில் அவ்வாறு இருப்பது வழக்கமன்று.

1928 பெப்ரவரி

அந்த மாதத்து நிகழ்வுகள் கிருஷ்ணனின் நாட்குறிப்பில் நாள்தோறும் பதிவாகியுள்ளன. அதற்கு முந்தைய சில மாதங்கள் அவர் செய்முறை ஆய்வை விட்டு, மூலக்கூறுகளின் ஒளியியல் பண்புகளைப் பற்றிய கோட்பாட்டு வேலையில் இருந்தார். மாதத் தொடக்கத்தில் இராமனின் தூண்டுதலால் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார்.

பயன்படுத்தப்பட்ட கருவிகள் மிக எளியவை. கதிரவன் ஒளியை 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி வில்லை ஒன்று குவித்தது. 5 செ.மீ. குவியத் தொலைவுள்ள மற்றொரு வில்லை அதை மேலும் குறுக்கியது. அக்குவியத்தில் நீர்மம் அடைத்த கண்ணாடிக் குமிழ் வைக்கப்பட்டது. ஒளி வரும் வழியில் நீல-ஊதா வடிகட்டி ஒன்றை வைத்துவிட்டு, பார்ப்பவர் பச்சை-மஞ்சள் வடிகட்டி வழியாகப் பார்த்தார். முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது முற்றிலும் தடுத்துவிடும். ஆகவே ஏதேனும் ஒளி கண்ணுக்குத் தெரிந்தால், அது குமிழின் உள்ளே நிறம் மாறிய ஒளியாகத்தான் இருக்க முடியும். அளக்கும் கருவி மனிதக் கண்தான்.

பெப்ரவரி 7 அன்று கிருஷ்ணன் பல தூய நீர்மங்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் நிறம் மாறிய ஒளி தெரிந்தது. எல்லாவற்றிலும் அது வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. இராமன் முதலில் நம்பவில்லை. தொட்டியில் அப்போது பென்டேன் குமிழ் இருந்தது. அவர் பச்சை-மஞ்சள் வடிகட்டியையும் ஒளி வரும் வழிக்கு மாற்றிப் பார்த்தார். ஒளித்தடம் அறவே மறைந்தது. வடிகட்டிகளில் ஒழுக்கு இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. அன்றிரவு ஒன்பது மணி அளவில் இராமன் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டிற்கே வந்து, இது கிராமர்சு, ஐசன்பர்க் ஆகியோர் கோட்பாட்டளவில் கூறிய விளைவாகவே இருக்க வேண்டும் என்று தெரிவித்தார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. நீர்மத்தில் மூலக்கூறுகள் நெருங்கி மோதிக்கொண்டிருப்பதால் இவ்வொளி எழுகிறதா, தனித்த மூலக்கூறின் இயல்பா என்பதே அது. இதற்கு விடை காண ஆவியில் சோதிக்க வேண்டும். ஆவியில் மூலக்கூறுகள் மிகக் குறைவு. ஆகவே ஏற்கெனவே மங்கலான ஒளி இன்னும் பல மடங்கு மங்கிவிடும்.

பெப்ரவரி 9 அன்று காலையில் நீண்ட தொலைநோக்கியைப் பொருத்தி ஏற்பாடுகள் தொடங்கின. அவை முடியும் முன் இராமன் வகுப்பெடுக்கக் கல்லூரிக்குச் சென்றுவிட்டார். பிற்பகலில் கிருஷ்ணன் தனியாக ஈதர் ஆவியைச் சோதித்தார். நிறம் மாறிய ஒளி ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதிப்பது. கல்கத்தாவின் அறை வெப்பநிலையிலேயே அடர்ந்த ஆவி கிடைத்துவிடும். விரைந்து மாற்றிப் பார்த்த வேறு ஆவிகள் அவ்வளவு தெளிவாக விடை தரவில்லை. மூன்று மணி அளவில் இராமன் திரும்பியபோது அவருக்குக் காட்டுவதற்குப் போதிய வெயில் எஞ்சியிருந்தது. அவர் ஆய்வுக்கூடம் முழுவதும் ஓடி மகிழ்ச்சியில் கூவினார் என்றும், அங்கிருந்தோர் அனைவரையும் அழைத்துக் காட்டச் சொன்னார் என்றும், ஆவிகளை உயர் வெப்பநிலையில் ஆராய உடனே தொழில்வினைஞர்களிடம் ஏற்பாடு செய்தார் என்றும் நாட்குறிப்பு தெரிவிக்கிறது.

அடுத்த சில நாள்கள் அவ்வளவு எளிதாக இல்லை. பல ஆவிகளில் விளைவு தெரிந்தது. ஆனால் அதன் தளவிளைவைப் பற்றி உறுதியாக எதுவும் கூற முடியவில்லை. தளவிளைவு இல்லையேல் உடனொளிர்வு என்ற பழைய ஐயம் மீண்டும் எழும். உடனொளிர்வில் மூலக்கூறு ஒளியை உறிஞ்சியபின் சிறிது நேரம் கிளர்ந்த நிலையில் இருக்கிறது. அதற்குள் சுழன்று திசை மாறிவிடுவதால், வெளிவரும் ஒளியின் தளவிளைவு பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதறலோ உடனுக்குடன் நிகழ்வது. ஆகவே தளவிளைவு குலையாது. பெப்ரவரி 16 அன்று சூடாக்கிய பென்டேன் ஆவியில் கிருஷ்ணன் அத்தளவிளைவைத் தெளிவாகக் கண்டார். அன்றே நேச்சர் இதழுக்கு இருவர் பெயரிலும் ஒரு சிறு கட்டுரை அனுப்பப்பட்டது. மறுநாள் இராமனும் பென்டேன் ஆவியைப் பார்த்து உறுதி செய்தார்.

பெப்ரவரி 28 அன்று நிறமாலைக்காட்டியில் பார்த்தபோது, படும் ஒளியின் பட்டைக்கும் நிறம் மாறிய ஒளியின் பட்டைக்கும் இடையே இருண்ட இடைவெளி தெரிந்தது. இந்நாளே 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஏறத்தாழ அதே நாள்களில் மாஸ்கோவில் லான்சுபெர்க், மண்டெல்சுடாம் ஆகியோர் குவார்ட்சுப் படிகத்தில் இதே விளைவைக் கண்டனர்.

பெயரும் பரிசும்

பெப்ரவரி 16 அன்று அனுப்பிய கட்டுரை மார்ச் 31, 1928 இதழில் வெளிவந்தது. சுமார் 60 நீர்மங்களில் விளைவு காணப்பட்டது என்றும், ஈதர், அமிலீன் போன்ற போதிய அடர்த்தியுள்ள ஆவிகளிலும் அதை எளிதில் காட்ட இயலும் என்றும் அதில் கூறப்பட்டது. ஏப்ரல் 21 இதழில் வந்த இரண்டாவது கட்டுரையில் இராமனின் பெயர் மட்டுமே உள்ளது. மே 5 இதழில் வந்த மூன்றாவதில் மீண்டும் இருவர் பெயரும் உள்ளன. மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரையில் இராமன், கிருஷ்ணனின் ஒத்துழைப்பிற்கும் வெங்கடேசுவரனின் உதவிக்கும் நன்றி தெரிவித்தார். 1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விளைவின் பெயரும் அவ்வாறே நிலைத்தது.

கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்பது பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளது. ஆய்வுத் திட்டமும் ஏழாண்டுக் காலத் தொடர் முயற்சியும் இராமனுடையவை. கிடைத்தது எவ்வகை ஒளி என்று பெப்ரவரி 7 இரவே உணர்ந்தவரும் அவரே. ஆனால் அது உடனொளிர்வு அன்று என்பதற்குச் சான்றான தளவிளைவைப் பல தூய நீர்மங்களிலும் ஆவிகளிலும் முதலில் கண்டவை கிருஷ்ணனின் கண்கள். நாட்குறிப்பை வைத்துப் பார்த்தால் அவரை வெறும் உதவியாளர் என்று கூறுவது பொருந்தாது.

டாக்கா முதல் அலகாபாத் வரை

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியரானார். அப்போது சத்தியேந்திரநாத் போசு அங்குப் பேராசிரியராக இருந்தார். அங்கே கிருஷ்ணன் ஒளிச்சிதறலை விட்டுப் படிகங்களின் காந்தப் பண்புகளுக்குத் திரும்பினார். மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தில் அது எவ்வாறு திரும்புகிறது என்பதைக் கொண்டு, திசைக்குத் திசை மாறுபடும் அதன் காந்தப் பண்பை அளக்கும் முறைகளை உருவாக்கினார். இதிலிருந்து படிகத்தினுள் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணிக்கலாம். 1933 இல் கல்கத்தா அறிவியல் வளர்ச்சிக் கழகத்திற்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பி, சாந்திலால் பானர்ஜியுடன் இவ்வாய்வைத் தொடர்ந்தார். 1936 இல் படிகவியலாளர் காத்லீன் லான்சுடேலுடன் இணைந்தும் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

1937 இல் ரூதர்போர்டின் அழைப்பின் பேரில் கேம்பிரிட்ஜில் உரையாற்றினார். 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1942 முதல் 1947 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தார். அங்கு ஏ. பி. பாட்டியாவுடன் உலோகங்களின் மின்தடை பற்றி ஆராய்ந்தார். 1946 இல் சர் பட்டம் பெற்றார்.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

1947 சனவரியில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கு கிருஷ்ணன் முதல் இயக்குநரானார். 1950 சனவரி 21 அன்று சர்தார் பட்டேல் அதனைத் திறந்து வைத்தார். நிறுவனப் பொறுப்பை ஏற்றவர்கள் ஆய்வை விட்டுவிடுவது வழக்கம், கிருஷ்ணன் விடவில்லை. உலோகங்களும் கிராபைட்டும் சூடாகும்போது எலக்ட்ரான்களை உமிழும் அளவு, வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் சூடேறும் மெல்லிய தண்டுகளில் வெப்பநிலை பரவும் விதம் ஆகியவற்றை எஸ். சி. ஜெயினுடன் ஆராய்ந்தார். 1949 இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவராக இருந்தார். அணுசக்தி ஆணையத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். 1954 இல் பத்ம பூசண் விருதும், 1958 இல் முதன்முறையாக வழங்கப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும் பெற்றார். ஜூன் 14, 1961 அன்று காலமானார்.

எரிபொருள் ஆவி அளவீட்டில் இராமன் சிதறல்

டீசல் எந்திரத்தில் உட்செலுத்தியின் முனையில் உள்ள, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை விட்டமுள்ள துளைகள் வழியே எரிபொருள் தூவலாகப் பாய்கிறது. இன்றைய எந்திரங்களில் அதன் அழுத்தம் 2000 பார் அளவை எட்டுகிறது. ஒரு தெளிப்பு ஓரிரு மில்லிநொடிகளில் முடிந்துவிடும். துளி எரிவதில்லை, துளியிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்தே எரிகிறது. ஆவி மிகுந்து காற்று குறைந்த இடத்தில் கரிப்புகை உண்டாகும். மிக நீர்த்த இடத்தில் எரியாத எரிபொருள் வெளியேறும். ஆகவே எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வளவு ஆவி உள்ளது என்பதே எந்திர வடிவமைப்பாளர் அறிய வேண்டியது. எரியறைக்குள் குழாயையோ கம்பியையோ நுழைத்து அளந்தால் ஓட்டமே மாறிவிடும். எனவே சுவரில் பதித்த குவார்ட்சுச் சாளரம் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கின்றனர்.

1960 இல் லேசர் உருவான பின் இராமன் சிதறல் இதற்குப் பயன்படத் தொடங்கியது. ஒவ்வொரு வகை மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் ஒளியின் நிறத்தை மாற்றுகிறது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசரைச் செலுத்தினால், ஆக்சிசனின் ஒளி 580 நானோமீட்டரிலும், நைட்ரசனின் ஒளி 607 நானோமீட்டரிலும், எரிபொருளின் கார்பன்-ஐதரசன் பிணைப்புகளால் வரும் ஒளி 629 நானோமீட்டரை ஒட்டியும் தோன்றும். எரிபொருள் ஒளிக்கும் நைட்ரசன் ஒளிக்கும் உள்ள விகிதமே எரிபொருள்-காற்று விகிதத்தைத் தந்துவிடும். சாளரத்தில் கரி படிந்தாலும், லேசரின் வலிமை சற்று ஏறி இறங்கினாலும் விகிதம் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. எரிபொருளில் தனியாக எந்த வேதிப்பொருளையும் கலக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணன் தேர்ந்த பொருள்கள் எந்திரத் துறைக்கு அயலானவை அல்ல என்பது தற்செயலே எனினும் குறிப்பிடத்தக்கது. பென்டேன் பெட்ரோலின் கூறுகளில் ஒன்று. ஈதர் எளிதில் தீப்பற்றுவதால், குளிர்நாடுகளில் டீசல் எந்திரங்களைக் கிளப்ப உட்செல்லும் காற்றில் தெளிக்கப்படுகிறது. இரண்டையும் அவர் தேர்ந்ததற்குக் காரணம் எளிதில் ஆவியாகும் தன்மை. எரிபொருளுக்கும் வேண்டியது அதுவே.

அவர் எதிர்கொண்ட தொல்லையும் அப்படியே எந்திரத்திற்குள் வந்துவிட்டது. பெட்ரோலிலும் டீசலிலும் உள்ள நறுமண ஐதரோகார்பன்கள் லேசர் பட்டதும் வலுவாக உடனொளிர்ந்து, மங்கலான இராமன் ஒளியை மூடிவிடுகின்றன. இதற்குக் கையாளப்படும் வழிகளில் ஒன்று, வரும் ஒளியைத் தளவிளைவின் அடிப்படையில் இரு கூறாகப் பிரிப்பதாகும். ஒரு கூறில் இராமன் ஒளியும் உடனொளிர்வின் ஏறத்தாழப் பாதியும் இருக்கும். மற்றொன்றில் பெரும்பாலும் உடனொளிர்வின் மறுபாதி மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது இராமன் ஒளி. 1928 பெப்ரவரி 16 அன்று பென்டேன் ஆவியில் கண்ணால் செய்யப்பட்ட வேறுபாட்டை இங்கு மின்னணுப் படக்கருவி செய்கிறது.

இம்முறைக்கு எல்லை உண்டு. தூவலின் நடுவே துளிகள் சிதறும் ஒளி, ஆவியின் இராமன் ஒளியைவிடப் பல இலட்சம் மடங்கு வலியது. அங்கே எவ்வளவு நல்ல வடிகட்டியும் பயன்தராது. துளிகள் அடர்ந்த இடத்திற்கு வேறு முறைகள் கையாளப்படுகின்றன. அகச்சிவப்பு முறையில் 3.39 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஈலியம்-நியான் லேசர் ஒளியை ஆவியும் துளியும் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மற்றொரு லேசர் ஒளியைத் துளி மட்டுமே குறைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஆவியின் பங்கைப் பிரித்தெடுக்கலாம். 1983 இல் லின் மெல்டன் வெளியிட்ட முறையில், எரிபொருளுடன் சேர்க்கப்படும் இரு பொருள்கள் நீர்ம நிலையில் ஒரு நிறத்திலும் ஆவி நிலையில் வேறு நிறத்திலும் உடனொளிர்கின்றன. கிருஷ்ணன் விலக்க முயன்ற உடனொளிர்வே இங்கு அளவுகோலாகிறது. எனினும் ஆக்சிசன் அதனைத் தணித்துவிடுவதால், இச்சோதனையைக் காற்றில் செய்ய இயலாது. நைட்ரசன் நிரப்பிய கலத்தில் எரியாத தூவலிலேயே செய்ய வேண்டியுள்ளது. இராமன் சிதறலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆதலால் துளிகள் மறைந்து ஆவி மட்டும் எஞ்சும் தூவலின் கீழ்ப்பகுதியிலும், தீப்பொறி எழுவதற்குச் சற்று முன் பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள்ளும், எரிபொருள்-காற்று விகிதத்தை அளக்க அது தொடர்ந்து பயன்பட்டு வருகிறது.